அணை உடைந்தது என்று சொன்னது யார்?

கேள்வி: ஐயா, குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்கிறேன். முப்பது வருடமாகக் காலையில் பேப்பர் பார்க்காமல் கடை திறந்ததில்லை. என் மகன் பேப்பரைத் தொடுவதே இல்லை, எல்லாம் போன்தான். போன மழையில் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல், சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. ‘மோர்தானா அணை உடைஞ்சிடுச்சு, ஆத்தோரம் இருக்கிறவங்க உடனே கிளம்புங்க’ என்று யாரோ பதறிப் பேசுகிறார். அதைப் போட்டது என் மனைவியின் தம்பி. எங்கள் வீடு கௌண்டின்ய ஆற்றுக்குப் பக்கத்துத் தெரு. எண்பது வயது அம்மாவை ஆட்டோவில் ஏற்றி, மழையில் நனைந்து, மேட்டில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போனோம். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் பேப்பரில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ‘உங்க பேப்பர் மறைச்சிடுச்சு’ என்கிறான் மகன். பேப்பர், டி.வி. என்பதும் சோஷியல் மீடியா என்பதும் செய்தி சொல்லும் வழிகள்தானே? இரண்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? எதை நம்புவது? மச்சானிடம் கேட்டால் சண்டை வரும் போலிருக்கிறது. குரூப்புக்கு அட்மின் நான். என் மேல் கேஸ் வருமா? கடைசியாக ஒன்று: கடை விளம்பரத்தைப் பேப்பரில் கொடுப்பதா, இன்ஸ்டாகிராமில் கொடுப்பதா?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், குடியாத்தம்

பதில் (முன்னாள் நாளிதழ் துணை ஆசிரியர், இப்போது வேலூரில் இதழியல் ஆசிரியர்):

வணக்கம். அன்று ராத்திரி அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பியதற்காக நீங்கள் சங்கடப்பட வேண்டியதில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை 1903-க்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை என்றார்கள். கௌண்டின்ய ஆற்றிலும் அப்போது வெள்ளம். அதே மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து, குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர், அணை உடைந்தது என்று காதில் விழுந்த பிறகு, சரி, விசாரித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்க மாட்டார். நீங்கள் கிளம்பியது சரி. அந்தப் பதிவை நீங்களும் வேறு யாருக்காவது அனுப்பினீர்களா என்பதைத்தான் கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்!

பேப்பர் மறைத்தது என்ற பேச்சிலிருந்து தொடங்குகிறேன். வித்தியாசம் அதற்குள்ளேயேதான் இருக்கிறது.

அன்று ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு நாளிதழின் வேலூர் அலுவலகத்தில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நாற்காலியில் பல மழைக்காலம் உட்கார்ந்திருக்கிறேன். குடியாத்தத்தில் அந்தப் பேப்பருக்கு ஒரு பகுதிநேர நிருபர் இருப்பார். உங்களுக்கு வந்த அதே குரல் பதிவு அவருக்கும் வந்திருக்கும், ஒன்றுக்கு நாலு குரூப்பில். அவர் டெஸ்க்குக்கு, அதாவது செய்தியைச் சரிபார்த்துப் பக்கத்தில் ஏற்றும் துணை ஆசிரியர்களுக்கு, போன் செய்து, “சார், அணை உடைஞ்சதா சொல்றாங்க” என்பார். டெஸ்க்கில் இருப்பவர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “யார் சொன்னது?” வாட்ஸ்அப்பில் வந்தது என்று சொன்னால் மேற்கொண்டு வசவு விழும். உடனே அவர் நீர்வளத் துறை உதவிப் பொறியாளருக்கு அடிப்பார், எடுக்கமாட்டார். வி.ஏ.ஓ.வுக்கு அடிப்பார். தாசில்தார் அலுவலகம், டவுன் போலீஸ் ஸ்டேஷன், அணைப் பக்கத்துக் கிராமத்தில் தெரிந்த ஒரு டீக்கடைக்காரர் என்று வரிசையாகப் போகும். கடைசியில் யாரோ ஒருவர் எடுத்து, “அணை நிரம்பி வழியுது சார், உடையலாம் இல்ல” என்பார். அந்த ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டால் ‘மோர்தானா அணை நிரம்பி வழிகிறது, கரையோர மக்களுக்கு எச்சரிக்கை’ என்று இரண்டு பத்திச் செய்தி தயாராகும். யாருமே எடுக்கவில்லை, பக்கம் முடிக்கும் நேரமும் வந்துவிட்டது என்றால், செய்தியை நிறுத்தி வைப்பார்கள். உடைந்தது என்று மட்டும் போடமாட்டார்கள்.

‘நிரம்பி வழிகிறது’ என்பது யார் வாயில் ‘உடைந்தது’ என்று மாறியது என்பதை இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பெரும்பாலும் அப்படித்தான் ஆரம்பிக்கும். ஒருவர் பொய் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்பதில்லை. பயந்துபோய் அக்கா வீட்டுக்குச் சொன்னதை அக்கா மகன் குரூப்பில் போட்டிருப்பான். அல்லது அது 2021-ல் பேசிய பதிவாகவே கூட இருக்கலாம். வேறு ஊர் அணையாகவும் இருக்கலாம், நடுவில் யாராவது மேலே ‘மோர்தானா’ என்று தட்டச்சு செய்து சேர்த்திருப்பார்கள். குரல் பதிவுக்குத் தேதி கிடையாது, ஊர் கிடையாது, பேசியவர் பேர் கிடையாது. அதுதான் அதற்கு வலு. எழுத்தில் ‘அணை உடைந்தது’ என்று படித்தால் கொஞ்சமாவது சந்தேகம் வரும். பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஒரு குரல், நம்ம வடாற்காட்டுப் பேச்சில், மூச்சிரைக்கச் சொன்னால் சந்தேகத்துக்கு இடமே இருக்காது.

ஆகவே உங்கள் பேப்பர் எதையும் மறைக்கவில்லை. மறைக்க அங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் இதில் பேப்பர்காரர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பாதி ஊர் ராத்திரி தூங்காமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே நின்றிருந்தால், அது செய்தி. ‘அணை உடைந்ததாக வதந்தி: மக்கள் ஓட்டம்’ என்று மறுநாள் போட்டிருக்க வேண்டும். வதந்தியை அச்சிட்டால் அதற்கே உயிர் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்பது டெஸ்க்கின் பழைய பயம். வதந்தி ஊரிலுள்ள அத்தனை போனுக்கும் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பயத்துக்கு அர்த்தமில்லை. பேப்பர் பேசாமல் இருந்த அந்த இடத்தில்தான் உங்கள் மகனுக்கு ‘மறைச்சிடுச்சு’ என்று சொல்ல வாய்ப்புக் கிடைத்தது.

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். இன்றைய பேப்பரைத் திருப்பி, ஏதாவது ஒரு பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற பொடி எழுத்தைத் தேடுங்கள். அச்சிட்டவர் பெயர், வெளியிட்டவர் பெயர், எந்த அச்சகம், எந்த ஊர், ஆசிரியர் யார் என்று ஒரு வரி இருக்கும். முப்பது வருடமாக அதை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். நானும் வேலைக்குச் சேரும்வரை படித்ததில்லை. 1867-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்திலிருந்து வந்தது அந்த வரி. அவன் போட்டது பத்திரிகைகளைக் கண்காணிக்கத்தான், வாசகர் நலனுக்காக இல்லை. 2023-ல் புதுச் சட்டம் வந்து 2024 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் பெயர் போடும் கட்டாயம் போகவில்லை. சில பேப்பர்களில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, செய்தித் தேர்வுக்குச் சட்டப்படி இவர் பொறுப்பு என்றே அச்சிட்டிருப்பார்கள். உங்கள் தெரு நிருபர் தப்பாக எழுதினாலும் கோர்ட்டில் போய் நிற்பவர் அந்த ஆசிரியர். அதனால்தான் டெஸ்க் ‘யார் சொன்னது’ என்று கேட்கிறது. நல்லவர்களாக இருப்பதால் கேட்கிறார்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள். கழுத்துக்குக் கயிறு இருப்பதால் கேட்கிறார்கள்.

உங்கள் குரூப்பில் வந்த பதிவுக்கு அந்தப் பொடி எழுத்து எங்கே? வாட்ஸ்அப் நிறுவனத்திடம் போய்க் கேட்டால், அனுப்பியவருக்கும் வாங்கியவருக்கும் தவிர வேறு யாருக்கும், தங்களுக்கும் கூட, அது தெரியாத மாதிரி பூட்டித்தான் அனுப்புகிறோம் என்பார்கள். அது உண்மைதான், 2016-லிருந்து அப்படித்தான். ஃபேஸ்புக், யூடியூப் போன்றவற்றுக்கு நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு ஒரு பாதுகாப்புத் தருகிறது: மற்றவர்கள் போடுகிற பதிவுக்கு அந்த நிறுவனம் பொறுப்பில்லை, கோர்ட்டோ அரசோ முறைப்படி எடுக்கச் சொன்னால் எடுத்தால் போதும். அப்படியானால் பொறுப்பு யாருக்குப் போகிறது? போட்டவருக்கு. அதாவது உங்கள் மச்சானுக்கு. அவர் குடியாத்தத்திலோ பேரணாம்பட்டிலோ உட்கார்ந்து, தான் ஒரு பதிப்பாளர் என்பது தெரியாமலே பதிப்பாளர் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். நிருபர், டெஸ்க், ஆசிரியர், அச்சகம், ஏஜென்ட், சைக்கிளில் பேப்பர் போடும் பையன் என்று ஆறேழு பேர் செய்த வேலையை ஒரு கட்டைவிரல் செய்துவிடுகிறது. நடுவில் ‘யார் சொன்னது’ என்று கேட்கும் ஆள் மட்டும் காணாமல் போய்விட்டார். சோஷியல் மீடியாவுக்கும் பேப்பருக்கும் என்ன வித்தியாசம் என்றால் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான். வேகம், வீடியோ, இலவசம் எல்லாம் அப்புறம்.

இரண்டாவது வித்தியாசம் உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டியது. பழைய பேருந்து நிலையத்தில் டீக்கடை பெஞ்சில் இருக்கும் பேப்பரை ஐம்பது பேர் படித்தாலும் ஐம்பது பேருக்கும் ஒரே முதல் பக்கம். பிடித்ததோ பிடிக்கவில்லையோ, அதைப் பற்றி ஐம்பது பேரும் சண்டை போடலாம். யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் ஆளுக்கொரு முதல் பக்கம். நம்பிக்கை இல்லையென்றால் இன்று ராத்திரி நீங்களும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து யூடியூபைத் திறந்து, முதலில் வருகிற பத்து வீடியோவை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு கூடப் பொதுவாக இருப்பது கஷ்டம். எந்த வீடியோவில் எத்தனை நொடி நின்றீர்கள், எதைப் பாதியில் தள்ளினீர்கள், எதை மற்றவருக்கு அனுப்பினீர்கள் என்பதை வைத்து அடுத்ததைக் கணினி தேர்ந்தெடுக்கிறது. நீங்கள் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் இன்னும் ஒரு விளம்பரம் காட்டலாம், அவ்வளவுதான் அதன் கணக்கு. பயமும் கோபமும் ஆளை நிறுத்தி வைக்கும் என்பது பெட்டிக்கடை வாசலில் தொங்கிய மாலைப் பேப்பர் போஸ்டருக்கே தெரிந்த விஷயம். ஆனால் அந்தப் போஸ்டர் எல்லோருக்கும் ஒன்றாகத் தொங்கியது. இப்போது உங்களுக்கு எது பயமோ அது உங்களுக்கு, மகனுக்கு எது கோபமோ அது மகனுக்கு.

வாட்ஸ்அப் குரூப்பில் இந்த மாதிரித் தேர்வு இல்லை. வந்தது வந்த வரிசையில் இருக்கும். ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் ஒரே நிறுவனம்தான் 2014-லிருந்து வைத்திருக்கிறது என்றாலும், இரண்டும் வேறு வேறு விதமாக வேலை செய்பவை. எல்லாவற்றையும் ‘சோஷியல் மீடியா’ என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதால்தான் நிறையக் குழப்பம். ஃபேஸ்புக்கில் தப்பான பதிவு வந்தால் கீழே வந்து ‘இது பொய்’ என்று யாராவது எழுதலாம். வெளியில் இருப்பவர் பார்க்கலாம், பத்திரிகைக்காரர் பிடித்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் அது உங்கள் வீட்டுக் கதவுக்குள் நடக்கிறது. வெளியாட்கள் யாருக்கும் தெரியாது. திருத்தவும் முடியாது.

திருத்தம் என்ற இந்த விஷயத்தை லேசாக நினைத்துவிடாதீர்கள். பேப்பரில் தப்பு வந்தால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ ‘திருத்தம்’ என்று ஒரு சின்னப் பெட்டி வரும். மனமில்லாமல்தான் போடுவார்கள், உள்ளே எங்கேயோ போடுவார்கள், அதெல்லாம் உண்மை. ஆனால் தப்பு எந்த வீடுகளுக்குப் போனதோ அதே வீடுகளுக்குத் திருத்தமும் போய்ச் சேரும். ஃபார்வர்டில் அது நடக்காது. மச்சான் உங்கள் குரூப்பில் போட்டதைப் பத்து பேர் வேறு பத்துக் குரூப்பில் போட்டிருப்பார்கள். காலையில் மச்சான் ‘ஸாரி, அது தப்பு’ என்று போட்டாலும் அது உங்கள் குரூப்போடு நின்றுவிடும். அந்தப் பத்துக் குரூப்புக்கும் மன்னிப்பை யாரும் ஃபார்வர்ட் செய்யமாட்டார்கள். பயம் பயணம் செய்யும் வேகத்தில் ‘ஒன்றுமில்லையாம்’ பயணம் செய்ததாக நான் பார்த்ததில்லை.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் பழைய வடாற்காடு மாவட்டம் நேரில் பார்த்திருக்கிறது. 2018-ல் குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வீடியோக்களும் குரல் பதிவுகளும் சுற்றின. அந்த மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் நின்றது. அதில் இருந்த வயதான அம்மா ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். கூட்டம் கூடி அடித்ததில் அந்த அம்மா இறந்தார், கூட வந்தவர்கள் பலத்த காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அடித்தவர்களில் பலர் கொலைகாரர்களாகப் பிறந்தவர்கள் இல்லை. தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்தவர்கள். கையில் இருந்த போன் அவர்களுக்கு அப்படிச் சொல்லியிருந்தது. அந்த வதந்தியைப் பரப்பியவர்களில் உங்கள் மச்சான் மாதிரி நல்ல மனுஷர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நாடு முழுக்க இந்த மாதிரிச் சாவுகள் நடந்த பிறகுதான் வாட்ஸ்அப் 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கைகள் மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள். செய்தியின் மேலே ஒற்றை அம்புக்குறி இருந்தால் யாரோ எழுதியதை அனுப்பியிருக்கிறார்கள் என்று பொருள். இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. மச்சான் போட்ட பதிவு போனில் இன்னும் இருந்தால் போய்ப் பாருங்கள். இரட்டை அம்பு இருந்தால், மச்சானுக்கும் அது எங்கிருந்து கிளம்பியது என்று தெரிய வாய்ப்பே இல்லை.

பேப்பர், டி.வி. எல்லாம் உத்தமம், போன் எல்லாம் மோசம் என்று நான் சொல்வதாக மகனிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அவன் சிரிப்பான், சிரிப்பதில் நியாயமும் இருக்கிறது. பேப்பருக்கு முதலாளி உண்டு, முதலாளிக்குக் கட்சி உண்டு, அரசு விளம்பரம் நின்றுவிடுமோ என்ற கவலை உண்டு. தேர்தல் நேரத்தில் காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தி மாதிரி போட்டது பெரிய விவகாரமாகி, பத்திரிகைகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சிலே 2010-ல் அதை விசாரித்தது. அந்தப் பிரஸ் கவுன்சிலால் கண்டிக்கத்தான் முடியும், அபராதம் போடக்கூட அதிகாரம் கிடையாது. சேரியில் தண்ணீர் வராதது எத்தனை பேப்பரில் எத்தனை வருடம் வராமலே இருந்தது என்று எனக்குத் தெரியும். டெஸ்க் ‘யார் சொன்னது’ என்று கேட்பது நல்ல பழக்கம்தான், ஆனால் சொல்பவர் தாசில்தாராக இருந்தால் உடனே நம்பியதும், கூலிக்காரராக இருந்தால் ஓரம் கட்டியதும் அதே டெஸ்க்தான்.

அந்த ஓரத்தில் இருந்தவர்களுக்குப் போன் ஒரு வாய் கொடுத்தது. பாலாற்றில் தோல் கழிவு கலப்பதைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வாங்கியது. அதற்கு வக்கீல் வேண்டும், வருடங்கள் வேண்டும், டெல்லிக்கு ரயில் டிக்கெட் வேண்டும். இன்று ஆம்பூர் பக்கம் ஆற்றில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கினால், பாலத்தில் நின்று ஒரு பையன் எடுக்கும் வீடியோ மாலைக்குள் கலெக்டர் ஆபீஸை எட்டிவிடுகிறது. அதைப் பார்த்துத்தான் டி.வி.க்காரர்கள் கேமராவோடு கிளம்புகிறார்கள். 2015 சென்னை வெள்ளத்தில் யார் எந்த மாடியில் மாட்டியிருக்கிறார்கள் என்று ஊருக்குச் சொன்னதில் போன்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய கூட்டத்தையும் எந்தத் தலையங்கமும் கூட்டவில்லை. சாட்சி சொல்வதற்குப் போன் அருமையான கருவி. சாட்சியை விசாரிப்பதற்கு அதில் ஏற்பாடு இல்லை, அவ்வளவுதான்.

இரண்டும் இப்போது கலந்தும் போய்விட்டன. இது தெரியாமல் ‘டி.வி.யில் வந்தது’ என்று நம்புபவர்கள் அதிகம். செய்தி சேனல்கள் ஒரு படம், இரண்டு வரி, ஓரத்தில் தங்கள் லோகோ என்று ‘நியூஸ் கார்டு’ போடுகின்றன இல்லையா, அதைப் போலியாகச் செய்வது மிகச் சுலபம். லோகோ இருக்கிறது, நிறம் சரியாக இருக்கிறது, தலைவர் படம் இருக்கிறது. அவர் சொல்லாததைச் சொன்னதாக இருக்கும். சந்தேகம் வந்தால் எழுத்துருவைக் கவனியுங்கள்: சேனலின் மற்றக் கார்டுகளில் இருக்கும் எழுத்து தடிமன், இடைவெளி எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், போலியில் கொஞ்சம் பிசகும். ஒற்றுப்பிழையும் எட்டிப்பார்க்கும். அப்புறம் அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்துக்குப் போய், கார்டில் போட்டிருக்கும் தேதிக்கு வாருங்கள். அங்கே அது இல்லையென்றால் முடிந்தது கதை. பல சமயம் அதே கார்டின் மேல் ‘போலி’ என்று சிவப்பில் முத்திரை குத்திச் சேனலே போட்டிருக்கும். ‘பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார்’ என்று ஆரம்பிக்கும் மருத்துவக் குறிப்புக்கும் இதே மருந்துதான். வேலூர் பேரைச் சொன்னால் நாடே நம்பும் என்பதால் நமக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதல்.

பேப்பர்களும் சில சமயம் போனிடம் ஏமாறுகின்றன. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வேறு ஊர், வேறு சம்பவ வீடியோக்களை வைத்துப் பரப்பினார்கள். வடக்கே ஒரு நாளிதழும் அதைப் பெரிதாகப் போட்டது. ‘யார் சொன்னது’ என்ற கேள்வியைக் கேட்காத பேப்பர் வெறும் ஃபார்வர்ட்தான், என்ன, காசு கொடுத்து வாங்குகிறோம்.

சரி, கேஸ் விஷயம். அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக, மற்றவர் போட்டதற்கு அவரைப் பொறுப்பாக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-லும் கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் சொல்லியிருக்கின்றன. ஆகவே அட்மினாக இருப்பதற்காகப் பயப்படாதீர்கள். ஃபார்வர்ட் செய்தவருக்குத்தான் கவலை. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ன் 54-வது பிரிவு, பேரிடர் பற்றிப் பொய்யான எச்சரிக்கையைக் கிளப்பினாலோ பரப்பினாலோ, அதனால் மக்கள் பீதியடைந்தால், ஒரு வருடம் வரை சிறை அல்லது அபராதம் என்கிறது. ‘நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்’ என்ற வாதமும் சுலபத்தில் நிற்காது. 2018-ல் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய கேவலமான பதிவு ஒன்றைப் பகிர்ந்த நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான ஒருவர், படிக்காமல் ஃபார்வர்ட் செய்துவிட்டேன் என்றார். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை; 2024-ல் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மச்சானை இதைச் சொல்லி மிரட்ட வேண்டாம். தெரிந்திருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

விளம்பரக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில்: உங்கள் சரக்கை யார் வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது. வெளியூர் மொத்த வியாபாரிகள் என்றால் இரண்டுமே வேண்டாம்; வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கு ஒன்று திறந்து, லுங்கிகளைப் படம் எடுத்து விலையோடு கேட்டலாக் போடுங்கள். உள்ளூர்ச் சில்லறை என்றால் பண்டிகைக்கு முன் பேப்பர் ஏஜென்டிடம் சொல்லி நோட்டீஸ் வைத்து விடுவது இன்னும் வேலை செய்கிறது, ஏனென்றால் உங்கள் வயதுக்காரர்கள் அதைப் பார்க்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் எந்த ஊர், எந்த வயது என்று தேர்ந்தெடுத்துச் சில நூறு ரூபாயில் ஆரம்பிக்கலாம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கை வரும். அது வாங்கியவர்களின் எண்ணிக்கை இல்லை, மயங்கிவிடாதீர்கள். மகனிடம் கொடுத்து, தறியில் லுங்கி நெய்வதை ஒரு நிமிட ரீல்ஸாக எடுக்கச் சொல்லுங்கள். அந்தச் சத்தத்தோடு. அதற்குக் காசே வேண்டாம். ஃபாலோயர்களை விலைக்கு வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள்.

இனி அடுத்த மழைக்கு. ஆற்றங்கரையில் தண்டோரா போட்ட காலம் போய்விட்டது (2022-ல் அரசே அதை நிறுத்தச் சொல்லிவிட்டது), இப்போது வருவாய்த் துறை ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் வந்து சொல்கிறது. வண்டி வந்தால் கேள்வி கேட்காமல் கிளம்புங்கள். வண்டி வராமல் போனில் மட்டும் வந்தால் 1077 என்ற எண்ணுக்கு அடியுங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை அது. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. லைன் கிடைக்கத் தாமதமானால், ஆற்றங்கரை வீடு, அம்மாவுக்கு வயது, பார்த்துக்கொண்டிருக்காமல் மேட்டுக்குப் போய்விடுங்கள். அங்கே உட்கார்ந்து மறுபடி அடியுங்கள். நீங்கள் பாதுகாப்பாகப் போவதற்கு ஆதாரம் தேவையில்லை. மற்றவருக்கு அனுப்பத்தான் ஆதாரம் வேண்டும்.

மச்சானிடம் பேசுவதாக இருந்தால் குரூப்பில் பேசாதீர்கள். சொந்தக்காரர்கள் நாற்பது பேர் முன்னால் ஒருவரைத் தப்பென்று சொன்னால் அவர் அந்தப் பதிவை விட்டுக்கொடுக்கமாட்டார், கூடவே உங்கள் வீட்டிலும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். தனியாகப் போன் செய்து, “மாப்ளே, அது உனக்கு யார் அனுப்பினது?” என்று மட்டும் கேளுங்கள். டெஸ்க்கில் கேட்கிற அதே கேள்வி. அவரும் தனக்கு அனுப்பியவரிடம் கேட்பார். இனி ஒரு தடவை இந்த மாதிரி வந்தால், ‘எல்லோருக்கும் நீக்கு’ என்று ஒரு வசதி இருப்பதையும் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். அனுப்பிச் சுமார் இரண்டரை நாள் வரை அது வேலை செய்யும். அட்மின் என்ற முறையில் நீங்களும் குரூப்பில் எதையும் நீக்கலாம். நீக்கிவிட்டு, ‘வதந்திகளை நம்பாதீர்கள்’ என்று பொதுவாக உபதேசம் போடாமல், ‘1077-ல் பேசினேன், ராத்திரி 10.50-க்கு. அணை நிரம்பி வழிகிறது, உடையவில்லை என்றார்கள். ஆற்றோரம் இருப்பவர்கள் மட்டும் மேட்டுக்குப் போங்கள்’ என்று எழுதுங்கள். யாரிடம் கேட்டது, எத்தனை மணிக்குக் கேட்டது, அவர்கள் என்ன சொன்னார்கள், மூன்றும் இருக்கட்டும். அடியில் உங்கள் பெயரையும் போடுங்கள்.